ஒரு சாண் தூரத்தில் பூ: நெருக்கப் படங்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் வீட்டு வாசலில் நிற்கும் நந்தியாவட்டையைப் படமெடுக்கத் தொடங்கி 16 வருடங்கள் ஆகின்றன. இதற்கிடையில் நண்பர்கள், அவர்களின் பிள்ளைகள், பூங்காவில் பக்கத்தில் வந்து எட்டிப் பார்த்தவர்கள் என்று பலரும் கேட்ட கேள்விகளை ஒரு நோட்டில் குறித்து வைத்திருந்தேன். அவற்றில் திரும்பத் திரும்ப வந்தவை இங்கே இருக்கின்றன. பதில்கள் எங்கெங்கோ சுற்றினாலும் பெரும்பாலும் ஒரே இடத்துக்குத்தான் வந்து நிற்கும்: மிக நெருங்கிப் போனால் பூவில் ஒரு மில்லிமீட்டர்தான் தெளிவாகக் கிடைக்கும். அது எந்த மில்லிமீட்டர் என்று நீங்கள் முடிவு செய்தாயிற்றா?

என்னிடம் செல்போன் மட்டும்தான் இருக்கிறது. போதுமா?

போதும். ஆனால் 'மேக்ரோ' (மிக நெருக்கப் படம்) என்று எழுதியிருக்கும் பொத்தானை உடனே நம்பிவிடாதீர்கள். விலை குறைந்த பல போன்களில் மேக்ரோவுக்கென்று தனியாக ஒரு 2 மெகாபிக்சல் கேமரா வைத்திருப்பார்கள். பெட்டியின் மேல் கேமராக்களின் எண்ணிக்கையைக் கூட்டிக் காட்டத்தான் அது பயன்படுகிறது. விலை கூடிய போன்களில் அகலக்கோணக் கேமராவே மிக நெருங்கி ஃபோகஸ் செய்யும். 2021இல் வந்த ஐஃபோன் 13 ப்ரோ 2 சென்டிமீட்டர் வரை நெருங்கியது. படம் கூர்மையாகத்தான் வரும். ஆனால் அவ்வளவு கிட்டே போனால் போனின் நிழலே பூவின் மேல் விழுகிறது. முன்னால் நீட்டியிருக்கும் இதழ் யானைக் காது போல் பெருத்துவிடுகிறது.

இரண்டு மடங்கோ மூன்று மடங்கோ பெரிதாக்கும் டெலிபோட்டோ லென்ஸ் உங்கள் போனில் இருந்தால் அதை வைத்துக்கொண்டு, அது ஃபோகஸ் பிடிக்கும் தூரம் வரை பின்னால் நகர்ந்து நின்று எடுத்துப் பாருங்கள். பூ இயல்பான வடிவில் வரும், பின்னணியும் அடங்கி நிற்கும். அது இல்லையென்றால் முதன்மைக் கேமராவிலேயே ஒரு சாண் தூரத்தில் எடுத்துவிட்டுப் பிறகு வெட்டிக்கொள்ளலாம். திரையில் பூவைத் தொட்டு அப்படியே விரலை அழுத்திப் பிடித்தால் பெரும்பாலான போன்களில் ஃபோகஸ் பூட்டிக்கொள்ளும். அதன்பின் விரலைக் கீழே இழுத்து வெளிச்சத்தைச் சற்றுக் குறையுங்கள். போன்கள் பூக்களை எப்போதும் தேவைக்கு மேல் வெளுப்பாக்கிவிடுகின்றன.

போனுக்கு ஒரு நல்ல குணமும் உண்டு. அதன் சென்சார் (ஒளியைப் பதியும் சில்லு) சிறியது என்பதால் தெளிவாக வரும் பகுதி ஆழமாக இருக்கும். பெரிய கேமரா வைத்திருப்பவர் திணறும் இடத்தில் நீங்கள் முழுச் செம்பருத்தியையும் ஒரே படத்தில் தெளிவாகக் கொண்டுவந்துவிடலாம்.

கிட்டே போனால் படம் மங்கலாகிறது. லென்ஸ் பழுதா?

பெரும்பாலும் இருக்காது. முதல் காரணம் எளிது. ஒவ்வொரு லென்ஸுக்கும் இதற்கு மேல் நெருங்காதே என்று ஒரு தூரம் உண்டு. லென்ஸின் மேலேயே 0.25 மீ., 0.45 மீ. என்று அச்சிட்டிருப்பார்கள். அந்தத் தூரத்தை லென்ஸின் முனையிலிருந்து அளப்பதில்லை, கேமராவுக்குள் இருக்கும் சென்சாரிலிருந்து அளக்கிறார்கள். பல கேமராக்களின் தலையில் ஒரு சிறிய வட்டமும் அதன் குறுக்கே ஒரு கோடும் இருக்கும். அந்தக் கோடுதான் சென்சார் இருக்கும் இடம்.

இரண்டாவது காரணம் கடைசி வரை கூடவே வருவது. நெருங்க நெருங்க, தெளிவாக வரும் பகுதியின் தடிமன் குறைந்துகொண்டே போகும். 36 மி.மீ. அகலச் சென்சாரில், எஃப்/8 வைத்து எடுப்பதாகக் கொள்ளுங்கள் (எஃப் எண் என்பது லென்ஸின் துளை அளவு, எண் கூடக் கூடத் துளை சிறுக்கும்). பூவின் உண்மையான அளவில் கால் பங்காகச் சென்சாரில் விழுந்தால் தெளிவின் தடிமன் ஏறத்தாழ 1 செ.மீ. பாதி அளவாக விழுந்தால் 3 மி.மீ. முழு அளவுக்கு, அதாவது 1 செ.மீ. பூ சென்சாரிலும் 1 செ.மீ. என்று வந்தால், மிஞ்சுவது 1 மி.மீ. ஒரு செம்பருத்தியின் நடுத்தண்டே பல சென்டிமீட்டர் நீளம். இந்தக் கணக்கு மனத்தில் ஏறிவிட்டால் பாதிக் கேள்விகள் தாமாகவே உதிர்ந்துவிடும்.

அப்படியானால் எஃப்/22 வைத்துவிட்டால் எல்லாம் தெளிவாகிவிடாதா?

தடிமன் கூடும், கூர்மை குறையும். மிகச் சிறிய துளை வழியே நுழையும் ஒளி விளிம்பில் பட்டுப் பரவுகிறது. பள்ளி இயற்பியலில் படித்த அதே விளிம்பு விளைவுதான். நெருக்கப் படத்தில் இது இன்னும் மோசம். முழு அளவுக்கு நெருங்கும்போது எஃப்/8 என்று வைத்தாலும் அது எஃப்/16 போலத்தான் நடந்துகொள்ளும், எஃப்/22 என்றால் எஃப்/44. எல்லா இடமும் ஒரே மாதிரி, எல்லா இடமும் கொஞ்சம் சொதசொதவென்று வரும். எஃப்/8, எஃப்/11 என் பழக்கம். இதழின் ஒரு விளிம்பு மட்டும் தெரிந்து மற்றவை கரைந்து போக வேண்டுமென்றால் எஃப்/4.

பூவில் எந்த இடத்தில் ஃபோகஸ் செய்வது?

எந்தப் பூ என்று சொல்லுங்கள்.

செம்பருத்தி என்றால் நடுத்தண்டின் நுனியில் சிவப்பு வெல்வெட் குமிழ்களாக ஐந்து சூலகமுடிகள் இருக்கும். அவைதான் முகம். அவை தெளிவாக இருந்து இதழ்கள் மங்கினால் யாரும் குறை சொல்ல மாட்டார்கள். இதழ்கள் தெளிவாக இருந்து அவை மங்கினால் படம் போயிற்று. அதே செம்பருத்தியைப் பக்கவாட்டில் பார்த்தால் தண்டு முழுவதும் மகரந்தப் பைகளோடு கேமராவுக்கு இணையாக நீண்டு கிடக்கும். முழுத் தண்டும் தெளிவாக வரும்.

கேமராவின் முதுகும் பூவின் முக்கியமான தளமும் ஒன்றுக்கொன்று இணையாக இருந்தால், கையில் இருக்கும் அந்த 3 மி.மீ. முழுவதும் வேலைக்கு ஆகும். சாய்ந்திருந்தால் ஒரு கீற்று மட்டும் தெளிந்து மற்றதெல்லாம் வீண். இதைச் சொல்லித்தரச் செங்காந்தளை விட நல்ல ஆசிரியர் இல்லை. நம் மாநிலப் பூ, கார்த்திகையை ஒட்டி வேலிகளில் ஏறிப் பூக்கும். ஆறு இதழ்களும் மேல்நோக்கித் தீப்போல் வளைந்திருக்க, ஆறு மகரந்தத்தாள்கள் கீழே குடைக்கம்பிகள் போலப் பக்கவாட்டில் விரிந்திருக்கும். பலரும் நின்ற நிலையில் சாய்வாக எடுத்து, இரண்டு தாள்கள் தெளிந்து நான்கு மங்கிய படத்தோடு வீடு திரும்புகிறார்கள். மண்டியிட்டு, அடியிலிருந்து நேர் மேலாகப் பாருங்கள். ஆறு தாள்களும் ஏறக்குறைய ஒரே தளத்தில் இருப்பது தெரியும். வேட்டியில் மண் ஒட்டும், அது பரவாயில்லை.

எருக்கம்பூவுக்கு நடுவில் இருக்கும் கிரீடத்தின் விளிம்பு. சூரியகாந்திக்கு நடுவட்டத்தில் அன்று மலர்ந்துகொண்டிருக்கும் வளையம். அது ஒற்றைப் பூ அல்ல. நூற்றுக்கணக்கான சின்னஞ்சிறு பூக்கள் வெளியிலிருந்து உள்நோக்கி வரிசையாக மலரும் கொத்து. எந்த வளையம் இன்று மலர்கிறது என்று பார்க்கத் தொடங்கினால் ஃபோகஸ் எங்கே என்ற கேள்வி எழாது.

ஆட்டோஃபோகஸ் முன்னும் பின்னும் ஓடிக்கொண்டே இருக்கிறதே?

அணைத்துவிடுங்கள். கைகளால் ஃபோகஸை ஓர் அளவில் நிறுத்திவிட்டு, உடம்பை மெல்ல முன்னே சாய்த்து, வேண்டிய இடம் தெளியும் கணத்தில் அழுத்துங்கள். ஐந்தாறு படங்கள் தொடர்ச்சியாக எடுத்தால் ஒன்று தேறும். கேமரா ஸ்டாண்டில் இருந்தால் திரையில் பூவை 10 மடங்கு பெரிதாக்கிப் பார்த்து ஃபோகஸ் வளையத்தைத் திருப்புவதே சுகம்.

மேக்ரோ லென்ஸ் வாங்கியே ஆக வேண்டுமா? விலை கண்ணைக் கட்டுகிறது.

முதல் வருடம் வேண்டாம். கையில் இருக்கும் லென்ஸை நெருங்க வைக்க மூன்று வழிகள் உண்டு.

நீட்டுக் குழாய்: லென்ஸுக்கும் கேமராவுக்கும் நடுவில் மாட்டும் வெற்று வளையம், உள்ளே கண்ணாடி கிடையாது. குழாயின் நீளத்தை லென்ஸின் குவியத் தூரத்தால் (50 மி.மீ., 100 மி.மீ. என்று லென்ஸின் பெயரில் வரும் எண்) வகுத்தால் கூடுதலாகக் கிடைக்கும் பெருக்கம் வந்துவிடும். 50 மி.மீ. லென்ஸில் 25 மி.மீ. குழாய் என்றால் பாதி அளவு, 50 மி.மீ. குழாய் என்றால் முழு அளவு. வாங்கும்போது உள்ளே மின்தொடர்புப் புள்ளிகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். அவை இல்லாத மலிவான குழாயில், பெரும்பாலான புதிய லென்ஸ்களின் துளையைக் கேமராவிலிருந்து மாற்ற முடியாது.

முன்கண்ணாடி: லென்ஸின் முன்பக்கம் திருகி மாட்டும் பூதக்கண்ணாடி. மூக்குக்கண்ணாடிக் கடையில் சொல்வது போல +2, +4 என்று பவர் சொல்வார்கள். 1000ஐப் பவரால் வகுத்தால், பூ அதிகபட்சம் எத்தனை மில்லிமீட்டர் தள்ளியிருக்கலாம் என்பது தெரியும். +2 என்றால் அரை மீட்டர், +4 என்றால் கால் மீட்டர். நீளமான ஜூம் லென்ஸ் வைத்திருப்பவர்களுக்கு இதுதான் சிறந்தது. 200 மி.மீ.இல் +2 மாட்டினால் பூ 0.4 மடங்கு அளவில் விழும். ஒற்றைக் கண்ணாடியால் ஆனவற்றில் ஓரங்களில் நிறம் பிரியும், இரண்டு கண்ணாடிகளை ஒட்டிச் செய்தவை மேல்.

மூன்றாவது, பழைய 50 மி.மீ. லென்ஸைத் தலைகீழாகத் திருப்பி மாட்டுவது. ஒரு வளையம் போதும், செலவு மிகக் குறைவு. பின்பக்கக் கண்ணாடி வெயிலையும் தூசியையும் பார்த்து நிற்கும் என்பதால் எனக்கு எப்போதும் மனம் பதைக்கும்.

இவற்றோடு ஒரு வருடம் கழித்தும் ஆர்வம் குறையவில்லையென்றால் 90 அல்லது 100 மி.மீ. மேக்ரோ லென்ஸ் வாங்குங்கள். 50, 60 மி.மீ. மேக்ரோவில் முழு அளவுக்கு நெருங்கும்போது லென்ஸின் முனைக்கும் பூவுக்கும் நடுவே 10 செ.மீ.கூட இராது. 100இல் ஏறத்தாழ 15 செ.மீ. கிடைக்கும். வெளிச்சம் நுழையவும் வண்ணத்துப்பூச்சி பயப்படாமல் இருக்கவும் அந்த இடைவெளி வேண்டும்.

காற்றை என்ன செய்வது?

ஆடி மாதத்தில் ஒன்றும் செய்ய முடியாது, வீட்டில் உட்கார்ந்து பழைய படங்களைத் திருத்துங்கள்.

மற்ற மாதங்களில் விடிந்து முதல் ஒன்றரை மணி நேரம்தான் நமக்கு. நிலம் சூடேறத் தொடங்கியதும் காற்றும் எழுந்துவிடும். கண்ணுக்குத் தெரியாத அசைவுகூடப் படத்தைக் கெடுத்துவிடும். பூ நொடிக்கு 5 செ.மீ. வேகத்தில் மெதுவாக ஆடுகிறது, ஷட்டர் 1/250 நொடி என்றால், திறந்து மூடும் நேரத்தில் பூ 0.2 மி.மீ. நகர்ந்திருக்கும். முழு அளவில், 6000 பிக்சல் அகலமுள்ள 36 மி.மீ. சென்சாரில் அது 33 பிக்சல் இழுவை. 1/250 போதுமென்று நினைத்தவர்களின் படங்கள் ஏன் மென்மையாக வருகின்றன என்பதற்குப் பதில் அங்கே இருக்கிறது. ஐஎஸ்ஓவை, அதாவது சென்சாரின் ஒளியுணர்திறனை, 800, 1600 என்று ஏற்றத் தயங்காதீர்கள். புள்ளி புள்ளியாகத் தெரியும் இரைச்சலைப் பிறகு குறைத்துக்கொள்ளலாம், இழுவையை ஒன்றும் செய்ய முடியாது.

ஊஞ்சலைப் போலவே பூவும் ஒரு பக்கம் போய்த் திரும்பும் முன் ஒரு கணம் நிற்கும். அந்தக் கணத்தைக் கண் பழகிக்கொள்ள ஒரு வாரம் போதும்.

என் பையில் இருப்பவை: நாலைந்து தென்னை ஈர்க்குகள், துணி கிளிப்புகள் இரண்டு, கொஞ்சம் நூல். ஈர்க்கைச் செடியின் பக்கத்தில் மண்ணில் குத்தி, தண்டைப் பூவுக்கு ஒரு விரற்கடை கீழே தளர்வாக நூலால் கட்டினால் பாதி ஆட்டம் நின்றுவிடும். கிளிப்பைத் தண்டிலேயே நேராக மாட்டாதீர்கள், நசுங்கிவிடும். காற்று வரும் திசையில் குடையை விரித்து வையுங்கள். கறுப்புக் குடை என்றால் சில கோணங்களில் அதுவே பின்னணியாகவும் ஆகிவிடும்.

எந்த நேரத்தில் எடுப்பது நல்லது?

வெளிச்சத்தை மட்டும் பார்த்து நேரம் குறிப்பது ஒரு தவறு. ஒவ்வொரு பூவும் தன் நேரத்தைத் தானே வைத்திருக்கிறது. மார்கழிக் கோலத்தின் நடுவே சாணி உருண்டையில் செருகும் பூசணிப்பூ விடியலில் விரிந்து, வெயில் ஏறுவதற்குள் சுருண்டுவிடும். எட்டு மணிக்குக் கேமராவோடு போனால் கோலத்தைத்தான் எடுக்கலாம். தாமரை காலையில் விரிந்து பிற்பகலில் கூம்பும். மதுரைப் பக்கத்துத் தோட்டங்களில் மல்லிகை மொட்டை இருட்டிலேயே பறிக்கத் தொடங்கிவிடுவார்கள், அது அன்று மாலைதான் வாய் திறக்கும். பத்துமணிப் பூவுக்குப் பெயரிலேயே நேரம் இருக்கிறது. அந்திமந்தாரைக்கும் அப்படியே. பவழமல்லி இரவில் மலர்ந்து விடிகாலையில் உதிர்கிறது. அதை மரத்தில் எடுப்பதைவிட, ஈரத்தரையில் ஆரஞ்சுக் காம்பு தெரியக் கவிழ்ந்து கிடப்பதை எடுப்பது எனக்குப் பிடிக்கும்.

நம் ஊர் வெயிலில் பூவெல்லாம் வெளுத்து, நிழலெல்லாம் கறுத்து வருகிறதே?

பழைய வெள்ளை வேட்டியை ஒற்றை மடிப்பாக, ஒரு வளையத்திலோ எம்பிராய்டரிச் சட்டத்திலோ இழுத்துக் கட்டி, சூரியனுக்கும் பூவுக்கும் நடுவே பிடியுங்கள். பூவுக்கு எவ்வளவு அருகில் பிடிக்கிறீர்களோ அவ்வளவு மென்மையான ஒளி கிடைக்கும். நீலச் சாயம் போட்ட வேட்டி வேண்டாம், பூவும் நீலம் பாயும். நிழல் பக்கத்தில் ஒரு சிறிய தெர்மாகோல் துண்டை நிறுத்தினால் இதழின் அடிப்பக்கம் உயிர்பெறும்.

அல்லது வெயிலையே பயன்படுத்துங்கள். சூரியன் பூவுக்குப் பின்னால் தாழ இருக்கும்போது இதழின் நரம்புகள் விளக்கேற்றியது போல் தெரியும். ஆவாரம்பூ, பூவரசம்பூ போன்ற மெல்லிய மஞ்சள் இதழ்களுக்கு இது மிகப் பொருந்தும். லென்ஸின் மேல் நேரடி வெயில் படாமல் கையால் மறைத்துக்கொள்ள வேண்டும். மழை பெய்து ஓய்ந்து வானம் மூடியிருக்கும் ஐப்பசி நாள் கிடைத்தால் வேறு எந்த வேலையையும் வைத்துக்கொள்ளாதீர்கள்.

சிவப்புச் செம்பருத்தி ஒரே சிவப்புப் பூச்சாக வருகிறது. இதழின் நரம்பே தெரிவதில்லை. ஏன்?

கேமரா ஒவ்வொரு புள்ளியையும் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று எண்களாகப் பதிகிறது. அடர்சிவப்புப் பூவில் சிவப்பு மட்டும் உச்சியை முட்டி நின்றுவிடும், மற்ற இரண்டும் கீழே கிடக்கும். மூன்றையும் சேர்த்துப் பார்க்கும் வெளிச்ச அளவி 'எல்லாம் சரி' என்று சொல்லும். சிவப்பு முட்டிய இடங்களில் நரம்பு, மடிப்பு, நிழல் எதுவும் மிஞ்சாது. ஹிஸ்டோகிராமை (படத்தின் வெளிச்ச அளவுகளைக் காட்டும் வரைபடம்) நிறவாரியாகக் காட்டும் வசதியைத் திறந்து, சிவப்பு மேடு வலது சுவரில் மோதாத வரை வெளிச்சத்தைக் குறையுங்கள். முக்கால் ஸ்டாப் முதல் ஒரு ஸ்டாப் வரை குறைக்க வேண்டியிருக்கும் (ஒரு ஸ்டாப் குறைத்தால் வெளிச்சம் பாதியாகும்). கோழிக்கொண்டைக்கும் இதே வைத்தியம்தான்.

வெள்ளைப் பூ சாம்பலாக வருகிறது. சில சமயம் சுண்ணாம்பாக வருகிறது.

இரண்டும் ஒரே காரணத்தால். கேமரா எதைப் பார்த்தாலும் நடுத்தரச் சாம்பல் அளவுக்குக் கொண்டுவரப் பார்க்கும். நந்தியாவட்டை திரையை நிறைத்தால் அதைச் சாம்பலாக்கும், நீங்கள் ஒரு ஸ்டாப் கூட்ட வேண்டும். கரும்பச்சை இலைகளுக்கு நடுவே சிறிய வெள்ளைப் பூவாக இருந்தால் இலைகளை வெளிச்சமாக்கப் போய்ப் பூவை எரித்துவிடும், அங்கே குறைக்க வேண்டும். தும்பையில் நான் எப்போதும் குறைத்தே எடுக்கிறேன்.

சங்குப்பூவின் நீலம் கண்ணில் பார்த்தது போல் வருவதில்லையே?

வராது. நீலமும் ஊதாவும் கலந்த பூக்களில் கேமராவின் கண்ணும் நம் கண்ணும் ஒத்துப்போவதில்லை. ரா கோப்பாக (கேமரா திருத்தாத மூலப் பதிவாக) எடுத்து, பூவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே திரையில் நிறத்தைச் சரிசெய்யுங்கள். மறுநாள் நினைவிலிருந்து சரிசெய்தால் நினைவும் பொய் சொல்லும்.

பின்னணி எப்போதும் குப்பையாக இருக்கிறது.

பூவைப் பார்த்த கண்ணால் பின்னணியைப் பார்ப்பதில்லை, அதுதான் காரணம். அழுத்தும் முன் திரையின் நான்கு ஓரங்களையும் ஒரு சுற்றுச் சுற்றி வாருங்கள். காய்ந்த குச்சி, வெயில் பட்ட பாலித்தீன் பை, பக்கத்து வீட்டுக் குழாய் எல்லாம் அப்போதுதான் கண்ணில் படும். நெருக்கப் படத்தில் கேமராவை நாலு விரற்கடை நகர்த்தினாலே பின்னணி முழுதாக மாறிவிடும். முதலில் நகருங்கள், மாற்றுவது பிறகு.

பூவுக்கும் பின்னணிக்கும் தூரம் எவ்வளவு கூடுகிறதோ அவ்வளவு நல்லது. மூன்றடிக்கு அப்பால் ஒரு வாழையிலை இருந்தால் போதும், எஃப்/8இலும் அது வழவழப்பான பச்சையாகக் கரைந்துவிடும். கறுப்புச் சார்ட் அட்டையை வைத்து எடுப்பவர்களும் உண்டு. எடுப்பாக இருக்கும். ஆனால் பத்துப் படங்களைச் சேர்த்துப் பார்த்தால் எல்லாம் நாள்காட்டிப் படங்களாகத் தெரியும். நானும் இரண்டு வருடம் அப்படி எடுத்தவன்தான்.

ஸ்டாண்ட் தேவையா?

தரையோடு தாழும் ஸ்டாண்ட் என்றால் தேவை. மூன்றடிக்குக் கீழே இறங்காத ஸ்டாண்டால் நெருஞ்சியை எடுக்க முடியாது. ஒரு துணிப் பையில் பாதி அளவு அரிசியோ பயறோ போட்டுத் தைத்துக்கொண்டால் தரைப் பூக்களுக்கு அதைவிட நல்ல ஸ்டாண்ட் கிடையாது. பயறு என்றால் மழையில் நனையவிட்டால் முளைவிடும், சொல்லிவிட்டேன்.

ஃபோகஸ் ஸ்டாக்கிங் என்கிறார்களே, அது என்ன?

ஒரே பூவை, கேமராவை அசைக்காமல், ஃபோகஸை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்திப் பல படங்கள் எடுத்து, ஒவ்வொன்றிலும் தெளிந்த கீற்றை மட்டும் சேர்த்து ஒரே படமாக்குவது. பாதி அளவில், எஃப்/8இல் 3 மி.மீ. தடிமன் கிடைக்கிறது என்றோம். கீற்றுகள் ஒன்றன்மேல் ஒன்று கொஞ்சம் படிய வேண்டும் என்பதால் 2 மி.மீ.க்கு ஒன்றாக எடுத்தால் 3 செ.மீ. ஆழமுள்ள பூவுக்கு 15 படங்கள். ஹெலிகான் ஃபோகஸ், ஸெரீன் ஸ்டாக்கர் போன்ற மென்பொருட்கள் சேர்த்துத் தரும். பல புதிய கேமராக்கள் ஃபோகஸை நகர்த்தி எடுக்கும் வேலையைத் தாமே செய்கின்றன.

காற்றில்லாத அறையில், ஜன்னல் ஓரத்தில், தொட்டிச் செடியை வைத்துப் பழகுங்கள். வெளியில் 15 படங்கள் முடிவதற்குள் பூ ஆடிவிடும், எறும்பு மூன்று இடங்களில் மூன்று எறும்பாகப் பதிவாகும். அடி முதல் நுனி வரை தெளிந்த படம் தாவரவியல் பாடத்துக்கு மிக நல்லது. ஆனால் எல்லாப் படமும் அப்படி இருந்தால் பார்ப்பவரின் கண் எங்கே நிற்பதென்று தெரியாமல் அலையும். எனவே தேவைப்பட்டால் மட்டும்.

பனித்துளிக்குத் தண்ணீர் தெளிக்கலாமா?

தெளிக்கலாம், சட்டமொன்றும் தடுக்கவில்லை. கிளிசரின் கலந்து உருட்டிய துளிகள் மட்டும் வேண்டாம், அவை பார்த்தவுடன் பொய் என்று தெரியும். மார்கழி, தை விடியலில் வெளியே போனால் உண்மைப் பனியே கிடைக்கும்.

பறித்துக்கொண்டு வந்து வீட்டில் எடுக்கலாமா?

உங்கள் செடி, உங்கள் பூ என்றால் எடுங்கள். ஆனால் பறித்த பூவில் ஒரு நாளைத்தான் பார்க்கலாம். அரும்பு, மொட்டு, முகை, மலர், அலர், வீ, செம்மல் என்று ஒரு பூவின் வாழ்வுக்கு ஏழு பெயர் வைத்த மொழி நம்முடையது. நம் கேமராக்களோ பெரும்பாலும் நாலாவதை மட்டுமே பார்க்கின்றன. செங்காந்தள் பச்சையாகத் தொடங்கி, மஞ்சளாகி, நுனியிலிருந்து சிவந்து, முழுச் சிவப்பாவதைச் செடியில் விட்டால்தான் தொடர்ந்து எடுக்க முடியும். வாடிய செம்பருத்தி ஈரத்துணி போல் முறுக்கிக்கொள்வதும் அழகான படம்தான். எதிர்வீட்டுப் பாட்டி ஒருமுறை, "பூசைக்கும் பறிக்காமல் வாடின பிறகு என்ன தம்பி பார்க்கிறாய்?" என்று கேட்டார். திரையில் காட்டினேன். அடுத்த வாரம் அவரே, "அந்தப் பூ வாடிவிட்டது, வா" என்று கூப்பிட்டார்.

இரண்டு எச்சரிக்கைகள். செங்காந்தளின் கிழங்கிலும் விதையிலும் கோல்ச்சிசின் என்ற கடும் நஞ்சு இருக்கிறது. தாராபுரம், ஒட்டன்சத்திரம் பக்கம் மருந்துத் தொழிலுக்காக அதை விதைக்குப் பயிரிடுகிறார்கள். குழந்தைகளோடு போனால் கவனம். எருக்கின் பால் கண்ணில் பட்டால் பெரும் கேடு. எருக்கைத் தொட்ட விரலால் கண்ணைத் தேய்த்தபடி வியூஃபைண்டரில் பார்க்காதீர்கள்.

பூவில் எறும்பும் சிலந்தியும் இருந்தால் துரத்திவிட வேண்டுமா?

ஐயோ, கூடாது. அவை இருப்பதே அதிர்ஷ்டம். அவை வந்துவிட்டால் ஃபோகஸ் பூவில் இல்லை, அவற்றின் கண்ணில்.

எங்கே போய் எடுப்பது?

மே மாதத்தில் ஊட்டித் தாவரவியல் பூங்கா, கொடைக்கானல் பிரையண்ட் பூங்கா மலர்க்கண்காட்சிகள் உண்டு. ஆனால் அவ்வளவு கூட்டத்தில் மண்டியிட இடம் கிடைக்காது. கண்காட்சி முடிந்த வாரத்தில் போனால் அதே பூக்கள் நிதானமாகக் காத்திருக்கும். சென்னையில் செம்மொழிப் பூங்கா. ஸ்டாண்ட் வைக்க அனுமதி உண்டா என்று வாசலிலேயே கேட்டுவிடுங்கள். தென்காசி அருகே சுந்தரபாண்டியபுரத்துச் சூரியகாந்தி வயல்கள் பெயர் பெற்றவை. வயலுக்குள் இறங்கும் முன் உழவரிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டும், மிதிபடுவது அவருடைய விளைச்சல். நாகர்கோவில் அருகே தோவாளைப் பூச்சந்தை விடியலில் ஒரு தனி உலகம். 12 வருடத்துக்கு ஒருமுறை மலரும் நீலக்குறிஞ்சி மூணாறுப் பக்கம் 2018இல் பூத்தது. அடுத்தது 2030. அதற்குள் கை பழகிவிடும்.

பழக, தெருவோரம் போதும். வெட்டுக்காயப் பூண்டு என்று எல்லாரும் மிதித்துப் போகும் செடியின் பூவை ஒருமுறை பாதி அளவில் எடுத்துப் பாருங்கள்.

எவ்வளவு நாளில் கைவரும்?

ஒரே செடியை 30 நாள், நாளுக்கு ஐந்து படம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஐந்துக்கு மேல் எடுக்கக் கூடாது. எண்ணிக்கை குறைவு என்று தெரிந்தால் அழுத்தும் முன் யோசிப்பீர்கள். ஒவ்வொரு படத்தின் கீழும் எந்த இடத்தைத் தெளிவாக்க நினைத்தீர்கள் என்று ஒரு வரி எழுதுங்கள். நினைத்த இடமும் தெளிந்த இடமும் ஒன்றாகும் நாட்கள் கூடிக்கொண்டே வருவது மூன்றாவது வாரத்தில் தெரியும்.

மழைக்காலத்தில் லென்ஸுக்குள் நூல் நூலாக ஏதோ தெரிகிறது. தூசியா?

பூஞ்சை. நம் கடற்கரை ஊர்களில் இது சாதாரணம். பனியிலும் ஈரத்திலும் பூவைத் தேடிப் போகிறவர்களுக்கு இன்னும் சீக்கிரம் வரும். வீட்டுக்கு வந்ததும் கேமராவைத் தோல் பைக்குள் போட்டு மூடாதீர்கள், மின்விசிறியின் கீழ் அரை மணி நேரம் வையுங்கள். பிறகு காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவில், சிலிக்கா ஜெல் பைகளோடு. உள்ளே ஒரு சிறிய ஈரமானி வைத்து 40 முதல் 50 சதவீதத்துக்குள் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளலாம். ஜெல் நிறம் மாறினால் வாணலியில் மெல்லிய சூட்டில் வறுத்துத் திரும்பப் போடலாம், சமையலுக்குப் பயன்படுத்தாத பழைய வாணலியாக இருக்கட்டும். ஏற்கெனவே வந்துவிட்ட பூஞ்சையைப் பழுதுபார்ப்பவரிடம் உடனே கொடுங்கள். நான் ஒரு தீபாவளி முதல் பொங்கல் வரை தள்ளிப்போட்டேன். அதற்குள் அது கண்ணாடியின் பூச்சை அரித்துவிட்டது. அந்த லென்ஸ் இப்போது அலமாரியில் காகிதங்கள் பறக்காமல் காத்துக்கொண்டிருக்கிறது.